இருபத்துமூன்று வரிகள்

நீதிமன்ற வருகைப் பதிவேட்டை முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு வாய்தாவுக்கும் பிசகாமல் வந்தவர் ஒரு தையற்காரப் பெண் மட்டுமே. வழக்குக்கு ஆள் கூப்பிடும் டவாலி அவருக்கு வைத்த பெயர் 'கடிகாரம்'.

மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு அவருடைய கணவர் போட்ட வழக்கு. கணவரின் சிமெண்டுக் கடை நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் இருந்தது. இவருக்கோ ஐந்து மணி நேரப் பயணம், இரண்டு பேருந்து. வீட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா. ஒரு வாய்தா தவறினாலும் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார்.

"அண்ணே, நான் வந்ததை எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சும்மா. பத்து பத்து."

"பத்து அஞ்சுக்கே வந்துட்டேனே! உங்க டவாலியைக் கேளுங்க."

"கடிகாரம் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார் டவாலி. அடித்துத் திருத்திச் சுருக்கொப்பமும் இட்டேன்.

இருபத்துமூன்றாவது வாய்தாவுக்குப் பிறகு, அப்பாவைத் தனியே விட்டு வர முடியவில்லை, வழக்கைத் தன் ஊருக்கு மாற்ற வேண்டும் என்று மேல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். கணவரின் வக்கீல் இவருடைய வருகைப் பதிவுக்கு நகல் கேட்டார். நானே ஒத்துப்பார்த்து முத்திரை வைத்துக் கொடுத்தேன். இருபத்துமூன்று வரிகள், ஒன்றிலும் தாமதமில்லை.

மனு தள்ளுபடியானது. மனுதாரர் ஒருமுறைகூடத் தவறாமல் உரிய நேரத்தில் வந்திருப்பதால் அவருக்குச் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லையாம். கணவர் வந்தது ஆறே முறை. அதற்கு யாரும் நகல் கேட்கவில்லை.

அடுத்த வாய்தாவில் பத்தரைக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். டவாலி மூன்று தடவை கூவினார். மூன்றாவதை வாசலுக்கே போய். இவருடைய வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருந்தார். 'வரவில்லை' என்று எழுதினேன். மகள் கணவரிடம் போகவேண்டும் என்று ஒருதலையாக உத்தரவானது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அப்பா கட்டில்லேர்ந்து விழுந்துட்டாருண்ணே. மண்டையில அடி. ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஓடி வரேன்... எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"அன்னைக்கு அஞ்சு நிமிஷத்தை அடிச்சுத் திருத்தினீங்களே."

உத்தரவில் நீதிபதியின் கையெழுத்து ஆகியிருந்தது. பதிவேட்டில் நேரம் குறிக்கும் கட்டம் காலியாகத்தான் இருந்தது. உத்தரவான பிறகு வருகிறவரைப் பதியக்கூடாது என்பது விதி. பதியவில்லை.