யன்னலால் பார்த்த பெரியப்பா

கனடாவின் அஜக்ஸ் நகரில் நண்பனுக்குப் பிறந்த மகளுக்கு முப்பத்தோராம் நாள் விசேஷம். பலகாரத் தட்டோடு போன என்னை ஒருவர் வாசலிலேயே மறித்தார். நண்பனின் தமையன், பஸ் ஓட்டுபவர். குளிரில் சிவந்த மூக்கு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. பேசும்போதெல்லாம் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"தம்பி, குக்கல் இருமலுக்கு, அதான் கக்குவானுக்கு, ஊசி போட்டதோ?"

"சின்னனில போட்டிருப்பன், அண்ணை."

"உது காணாது. பிள்ளைக்கு ரண்டு மாசமாகாமல் போடேலாது. அதுவரைக்கும் நாங்கள் போடுற ஊசிதான் அவளுக்குக் காவல். யன்னலால பாருங்கோ."

விசேஷத்துக்கு வந்தவனை வெளியில் நிறுத்துவதா? எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"உங்களுக்கென்ன அண்ணை, உள்ள போய்த் தூக்கலாம்" என்றேன் குத்தலாக.

"நான் போட்டு ஐஞ்சு நாள்தான். ரண்டு கிழமை செல்லுமாம், வேலை செய்ய." மறுபடியும் தோளைத் தேய்த்தார். "நானும் இன்னும் தூக்கேல்லை."

இருவரும் யன்னலருகே போனோம். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அவர் தன் ஜக்கெற் கையால் அதைத் துடைத்துவிட்டு, "இப்ப தெரியிறாளோ?" என்று கேட்டார்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஊசிக்காகச் சட்டைக் கையைச் சுருட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குள் அவருடைய அந்தக் குரல் கேட்கிறது.