நீலப் போர்ட்டும் கற்பகவல்லி அக்காவின் கையும்

எங்கள் சிவகாசி போட்டோ ஸ்டுடியோவில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற ஒரே ஆள் கற்பகவல்லி அக்காதான். சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்தால் வைத்ததே தெரியாது. நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கித்தான் நகர்த்துவார். எந்த மாதமானாலும் பருத்திச் சேலைதான். காலையில் உள்ளே வந்ததும் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் போவார். பிளஸ் டூ முடித்துவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன்.

"வேண்டுதலுமில்ல ஒண்ணுமில்லலே ஜெப்ரின்," என்றார். "பட்டாசு மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொடணும். உடம்புல கரண்டு இருந்தா இறங்கிரும். இங்கன தகடு இல்ல, கம்பி இருக்கு. அதான்."

அக்காவுக்கு ஊர் நாரணாபுரம். கல்யாணமான வருஷத்திலிருந்து பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. அந்த வேலையில் இடிக்கக் கூடாது, உரசக் கூடாது, ஒன்றை இன்னொன்றுக்குள் வேகமாகத் திணிக்கக் கூடாது. அவர் இருந்த அறையில் ஒருநாளும் ஒரு பொறிகூட விழுந்ததில்லை. பிறகு மூச்சு இளைப்பு வந்தது. மருந்துத் தூசி பக்கமே இனி போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டுடியோ முதலாளி சாலமன்ராஜ் அண்ணாச்சி அவரை ஆல்பம் ஒட்டத்தான் எடுத்தார். ஒரு குமிழி இல்லாமல் அட்டை ஒட்டுகிற கையைப் பார்த்து, கொஞ்ச நாளில் வீடியோ காப்பி எடுக்கும் நாற்காலியையும் கொடுத்தார். கல்யாண வீடியோக்களை அந்தந்த வீட்டார் கொண்டுவரும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக் கல்யாணம் இன்னொரு வீட்டு டிஸ்கில் ஏறிவிட்டால் மானம் போய்விடும். அக்கா அந்த நாற்காலிக்கு வந்த பிறகு அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

சிக்கல் கம்ப்யூட்டரில் வந்தது. அது நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது வாங்கியது. முன்பக்கம் இருக்கிற யுஎஸ்பி போர்ட்டுகள் கறுப்பு, வேகம் குறைவு. பின்பக்கம் இரண்டு நீலப் போர்ட்டுகள் உண்டு. வேகமாக ஏற்றுவதற்கு அவைதான். அக்கா ஒவ்வொரு டிஸ்கையும் நீலத்தில்தான் செருகுவார். ஆனாலும் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வரும்: இந்த டிஸ்க் இதைவிட வேகமாக ஓடக்கூடியது, வேக போர்ட்டில் செருகவும். அப்புறம் ஒரு கல்யாணம் ஏற மத்தியானம் முழுக்க ஆகும்.

ஆமத்தூர் செல்லப்பாண்டி தன் மகள் கல்யாண வீடியோவுக்காக வந்து உட்கார்ந்தார். காடு, கிணறு என்று வேலை கிடக்கிற மனிதர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீடியோவ கையாலயா எழுதுறீக?" என்று கேட்டார். அக்கா சிரித்தார். ஆனால் முகம் வாடிப்போனது. செல்லப்பாண்டி டிஸ்கை விட்டுவிட்டு, நாளை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

கோளாறைப் பார்க்கும் பொறுப்பு சில நாளாகவே என்னிடம் இருந்தது. முதலில் கேபிளை மாற்றினேன். நான் செருகிப் பார்த்தபோது பிரமாதமாக ஓடியது. மறுநாள் அக்கா செருகினால் பழையபடி. டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். டிஸ்க் செருகியபடியே இருக்க, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். அன்று பூராவும் நன்றாக ஓடியது. அடுத்த டிஸ்கை அக்கா செருகினார், மறுபடி அதே அறிவிப்பு. செல்லப்பாண்டி போன பிறகு விருதுநகரிலிருந்து சர்வீஸ் பார்க்க வந்த செழியன் அண்ணன் செருகியபோதும் ஒரு குறையும் இல்லை.

"ஆளப் பாத்து ஓடுற மெஷின நான் இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார் அண்ணாச்சி.

"மதர்போர்டு பழசு அண்ணாச்சி. போர்ட்டு விட்டு விட்டு வேலை செய்யுது போல," என்றார் செழியன் அண்ணன். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

அண்ணாச்சி யோசித்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "ஏம்மா, நாளைக்குச் சாயந்திரம் செழியன் மெஷின எடுத்துட்டுப் போகட்டும். புதுசு வாங்குற வரைக்கும் காப்பி வேலைய விருதுநகர்ல குடுத்துருவோம். ஆல்பமும் இப்பம் குறைஞ்சு போச்சு. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. சொல்லி அனுப்புதேன்."

சொல்லி அனுப்புவார் என்று அக்காவும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பட்டாசுக் கம்பெனி போர்மேன் பெத்தணன் சீசனுக்கு ஆள் வேண்டும் என்று அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். இந்த நாற்காலி போனால் அக்கா மருந்து அறைக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த மூச்சோடு.

மறுநாள் காலையில் செல்லப்பாண்டியின் டிஸ்கை எடுத்துக்கொண்டு அக்கா மேசைக்கு அடியில் குனிந்தார். "பின்னாடி இருட்டா இருக்கு, லைட்டக் காட்டுலே," என்றார். போன் வெளிச்சத்தைக் காட்டியபோதுதான், அவர் செருகுவதை முதல்முறையாகப் பார்த்தேன். கேபிள் முனையைப் போர்ட்டின் வாயில் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, தூங்குகிற பிள்ளையின் கையில் வளையல் ஏற்றுவதுபோல, மெல்ல மெல்ல உள்ளே விட்டார். நானென்றால் சடக்கென்று குத்திவிட்டு எழுந்திருப்பேன்.

செழியன் அண்ணனுக்குப் போன் போட்டு, பார்த்ததைச் சொன்னேன்.

"இது எனக்குத் தோணவே இல்லியேப்பா," என்றார். "நீலப் போர்ட்டுக்குள்ள ரெண்டு வரிசைத் தகடு இருக்கு. முன் வரிசை பழைய வேகத்துக்கு, உள்ள தள்ளி இருக்கது புது வேகத்துக்கு. ரொம்ப மெதுவா விட்டா முன் வரிசை முதல்ல தொட்டுரும். மெஷின், சரி இது மெதுவா ஓடுற டிஸ்குன்னு முடிவு பண்ணிரும். அப்புறம் உள் வரிசை தொட்டாலும் திரும்பிப் பாக்காது. அக்காவ படக்குன்னு செருகச் சொல்லு."

சொன்னேன். அக்கா முயன்று பார்த்தார். கை வேகமாகப் போகும். போர்ட்டின் வாய்க்கு வந்ததும் தானாகத் தணிந்துவிடும். மறுபடி மறுபடி அப்படியேதான். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"கை கேக்க மாட்டேங்குதுலே."

"பயப்படாதீகக்கா. இங்கன ஒண்ணும் வெடிக்காது."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒருநாள் அவசரப்பட்டிருந்தா நான் இன்னைக்கு இங்கன உக்காந்திருக்க மாட்டேன்."

"அப்பம் நான் செருகித் தாரேன்."

"நீ இன்னைக்கு இருப்ப, நாளைக்கு காலேஜு, மெட்ராஸுன்னு ஓடிருவ. டிஸ்க் செருக ஒரு ஆளு, பாத்துக்கிட்டு இருக்க ஒரு ஆளுன்னா அண்ணாச்சிக்கு நான் எதுக்கு?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு நீ என்னத்தையோ அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுன. அப்பம் டிஸ்க் உள்ளயேதான இருந்துச்சு?"

"ஆமா."

"நாள் பூரா நல்லா ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு."

"பட்டாசு எப்படி விடுதோம்? முதல்ல வைக்கோம். ஆடாம நிக்குதான்னு பாக்கோம். தீய கடைசியிலதான வைக்கோம். இங்கன நான் கரண்டுங்கிற தீய வச்சிட்டுல்ல வெடிய நகட்டிக்கிட்டு இருக்கேன்."

கம்ப்யூட்டரை அணைத்தார். அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்தார். ஜன்னல் கம்பியைத் தொட்டார். குனிந்து, தன் வழக்கப்படி மெல்ல மெல்ல டிஸ்கைச் செருகினார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பவர் பட்டனை அழுத்தினார்.

மூலையில் எந்த அறிவிப்பும் வரவில்லை. காப்பி பட்டனைத் தட்டினார். பச்சைக்கோடு விறுவிறுவென்று நகர்ந்தது.

செல்லப்பாண்டி வந்தபோது அண்ணாச்சியும் கடையில் இருந்தார். டிஸ்க் தயாராக இருந்தது. சந்தேகத்தில் செல்லப்பாண்டி இன்னொரு டிஸ்கையும் நீட்டினார், மாப்பிள்ளை வீட்டுக்கு. அக்கா மெஷினை அணைத்து, செருகி, போட்டார். செல்லப்பாண்டி டீயைக் குடித்துவிட்டுப் பேப்பரின் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் அதுவும் முடிந்தது.

"இன்னைக்கு எழுதலையாம்மா?"

"சிவகாசில இருந்துக்கிட்டு எழுதுவாகளா? அச்சுல போட்டாச்சு," என்றார் அக்கா.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு செழியன் அண்ணனுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, மெஷினை எடுக்க வர வேண்டாம் என்றார். ஆனாலும் செழியன் அண்ணன் வந்தார். கையில், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்த ஒரு சின்ன ஹப் பெட்டி. இனிமேல் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு டிஸ்கைச் செருகலாம், பிறகு சுவிட்சைப் போடலாம்.

"எம்புட்டு மெதுவா அழுத்துனாலும் சுவிட்ச் தானா டக்குன்னு விழுந்துரும்க்கா," என்றார்.

அக்கா அழுத்திப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

சாயந்திரம் பெத்தணன் போன் செய்தார். சீசன் லோடு ஏறப்போகிறது, திங்கட்கிழமை வருகிறீர்களா என்று கேட்பது எனக்கே கேட்டது. அடுத்த வீட்டு டிஸ்க் ஏறிக்கொண்டிருந்தது. "இல்லண்ணே, வரல," என்றார் அக்கா. "இங்கன வேலை இருக்கு." போனை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்கவில்லை.