மூன்று நிமிடக் காத்தாடி

பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிற வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட எங்கள் வீட்டுப் பெண் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி தொட்டியாக மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என் அத்தை, அப்பாவின் தங்கை. விரலில் பாதி நீளம்கூட இல்லாத அந்த வரிமீன்கள் தூங்கும்போது அவற்றின் மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. தென்காசியில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? 'தங்கச்சி டாக்டரு' என்று அப்பா சுருக்கமாக முடித்துவிடுவார். கேட்டவர்கள் அவள் லீவில் வரும்போது முழங்கால் வலியோடு வந்து நிற்பார்கள். 'நான் அந்த டாக்டர் இல்ல அண்ணாச்சி' என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்புவாள்.

நாலாம் வகுப்பில் எனக்கு 'மந்தம்' என்று பெயர் வந்தது. டீச்சர் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டே இருப்பேன். நோட்டில் பார்த்தால் நடுவில் இரண்டு வரி இருக்காது. பத்து விநாடி எங்கேயோ வெறித்தபடி அப்படியே இருந்துவிடுவேனாம். எனக்கு அது தெரியவே தெரியாது. டீச்சர்தான் அந்த வரிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று சத்தியம் பண்ணி அதற்கும் சேர்த்து அடி வாங்கினேன். கடைசியில், பிள்ளையைச் சரிபண்ணிக் கூட்டிவாருங்கள், அதுவரை அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தலைக்கோளாறு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: குற்றால அருவியில் தலையைக் கொடுப்பது. அப்போது நல்ல சீசன். நாற்பத்தெட்டு நாள் என்று அப்பா முடிவு பண்ணினார். அம்மா விடிந்ததும் என் உச்சியில் நல்லெண்ணெயை அறைந்து, டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய், பெண்கள் பக்கத்தில் தண்ணீர் ஓங்கி விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவாள். எனக்கென்ன, பள்ளிக்கூடமும் கிடையாது, திரும்பும்போது சூடாக பஜ்ஜியும் உண்டு.

லீவில் வந்த அத்தை ஒருநாள் எங்களோடு அருவிக்கு வந்தாள். பக்கத்தில் நின்று குளித்தவள் சட்டென்று என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் நன்றாகக் குளித்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஈரம் சொட்டச்சொட்ட என் கண்ணையே பார்த்தாள்.

"மதினி, இனிமே இவள இங்கன நிறுத்தாதீங்க."

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னாள். வலிப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு, கை கால் இழுக்காது, மருந்து கொடுத்தால் கேட்கும் என்றாள். அப்பா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தைய இந்த வீட்ல சொல்லாத. பொம்பளப் பிள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்? மீனையே பாத்துப் பாத்து உனக்கு எல்லாம் அப்படித் தெரியுது."

மறுநாள் அத்தை ஒரு காகிதக் காத்தாடியோடு வந்தாள்.

"ஏட்டி, மூணு நிமிசம் நிறுத்தாம ஊதி இதச் சுத்த வையி. உனக்குச் சைக்கிள் வாங்கித் தாரேன்."

அப்பாவைக் கைக்கடிகாரத்தோடு எதிரே உட்காரச் சொன்னாள். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டாள். நான் மூச்சை இழுத்து இழுத்து ஊதினேன். காத்தாடி பறந்தது. 'ரெண்டு நிமிசம்' என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. அடுத்த கணம் பார்த்தால் காத்தாடி நின்றுபோயிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் நிறுத்தவே இல்ல, அத்த கள்ளாட்டம் ஆடுதா" என்று கத்தினேன்.

அப்படி விடாமல் மூச்சை இழுத்து ஊதினால் அந்தப் பத்து விநாடி தானாக வந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி, "எந்த டாக்டர்ட்டப் போணும்?" என்றார்.

மதுரைக்கு அத்தையே கூட்டிப்போனாள். மாத்திரை கேட்டது, பள்ளிக்கூடமும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்குக் கோர்ட்டில் மணிக்கணக்காக வாய் ஓயாமல் வாதாடுகிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் அத்தை ஓய்வு பெற்றாள். அரங்கம் நிறைய அவளிடம் படித்தவர்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ திரையில் வந்து பேசினார்கள். குழந்தை வைத்தியர் ஒருவர், மேடம் எழுதியதைப் படித்த பிறகு மந்தம் என்று கூட்டிவரும் எந்தப் பிள்ளையையும் தான் சும்மா திருப்பி அனுப்புவதில்லை என்றார். அங்கேதான் எனக்கு விஷயமே தெரிந்தது. என்னை மதுரைக்குக் கூட்டிப்போன அந்த வருடம்தான், ஏழு வருடத் தூக்க ஆராய்ச்சியை அப்படியே விட்டுவிட்டு, பத்து விநாடி காணாமல் போகிற மூளையை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறாள். வரவேண்டிய பதவி தள்ளிப்போயிருக்கிறது, கூடப் படித்தவர்கள் முந்திப் போயிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் அப்பா சத்தமாக மூக்கைச் சிந்தினார். நான் அவரைப் பார்க்கவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த வருடம் மதுரையிலிருந்து வந்த மறுநாளே அவள் பெங்களூர் கிளம்பினாள். கொஞ்ச நாளைக்குச் சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள்தான் வீட்டில் வந்து சொன்னாள். அந்தக் கோபத்தில் நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தேன். "போயிட்டு வாரேம்ட்டி" என்று அறை வாசலில் நின்று மூன்று தரம் சொன்னாள். நாலாவது தரமும் சொல்கிறாளா பார்ப்போம் என்று பேசாமல் கிடந்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.