லீடர் எழுதிய முகவரி

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தினமும் காலையில் நீளமான நோட்டோடு வார்டு வார்டாகப் போவாள். டெங்கு யாருக்கு, டைபாய்டு யாருக்கு, மஞ்சள் காமாலை யாருக்கு என்று குறித்துக்கொள்வாள். ஒரு நாளைக்குள் அந்தப் பட்டியல் சுகாதார அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். வாத்தியார் இல்லாத வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பிள்ளை நர்சுகளின் ஞாபகத்துக்கு வந்திருக்கும்; "லீடர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையெழுத்து மறந்துபோன படிவத்தோடு போய் நின்றால் தலைமை டாக்டர்கூட, "நான் பேசலைம்மா" என்பார்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். மூன்று வருஷம் படித்தது அடுத்தவர் காய்ச்சலை நகல் எடுக்கத்தானா என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதெல்லாம் தோன்றும். தெருக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அவள் ஒரு முகவரி எழுதினால் அந்தத் தெருவுக்குக் கொசு மருந்து அடிக்கும் புகை வண்டி வருகிறது, கொசு ஒழிகிறது. அப்படியானால் அவள் பெரிய அதிகாரிதானே.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மனுக்கள் வந்துவிடும். எதிர்வீட்டுத் தையல்காரர் கையை நீட்டித் தடிப்புகளைக் காட்டுவார். மாடிவீட்டு அக்கா, வேண்டுமானால் தன் மாமியார் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லித் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தாள். அம்மாவோ சுற்றி வளைக்கவில்லை.

"நம்ம தெருவுல ஒரு பேரைச் சேர்த்தா உன் பேனா தேஞ்சா போயிடும்?"

"நோய் இல்லாதவங்க பேரை எழுத முடியாதும்மா."

"உன்னைப் படிக்க வச்சதுதான் தப்பு" என்று அம்மா ஓங்கி ஒரு கொசுவை அடித்தாள். அடி மகளின் தோளில் விழுந்தது.

இத்தனை கொசுவும் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டின் முன்பக்கம் அப்பாவின் பஞ்சர் கடை. பக்கத்துச் சந்தில் ஆள் உயரத்துக்குப் பழைய டயர்கள். என்றைக்காவது உதவும் என்று அப்பா வருஷக்கணக்காகச் சேர்த்தவை. அம்மா தூக்கிப் போடச் சொன்னால், "உன் மக பட்டத்தை நீ தூக்கிப் போடுவியா?" என்று கேட்பார். டயரில் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்று ஊருக்கெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவாள். சொந்த வீட்டு டயர்கள் மட்டும் அவளுக்கு டயர்களாகத் தெரிந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் சுவர் போல அவை பாட்டுக்கு இருந்தன.

மழை விட்ட ஒரு வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் படுக்கை இருக்கிறதா என்று பார்க்க ஓடிய நேரத்தில், கவுண்டரில் விவரங்களை அப்பாவே சொன்னார்.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைப் பட்டியலின் நாலாவது வரியில் அப்பா பெயர். டெங்கு. அவள் பயந்து, பிறகு ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று பார்த்து மூச்சு விட்டு, முகவரிக்கு வந்தாள். அது மாமா வீட்டு முகவரி. மாமா அம்மாவின் தம்பி. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விவகாரத்தில் அவரும் அப்பாவும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. பேசாதவர் வீட்டுக் கதவு எண்ணை, எதிரில் தண்ணீர்த் தொட்டி என்ற அடையாளத்தோடு, அப்பா பிசகாமல் சொல்லியிருந்தார்.

வார்டில் அப்பா கொசுவலைக்குள் படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது மாமா வீடாச்சே?"

அப்பா மறுபக்கம் திரும்பிப் படுத்தார். "இருக்கட்டும்மா. உறவு விட்டுப்போகக் கூடாதுல்ல."

அம்மா டம்ளரை ணங்கென்று வைத்தாள். தன் தம்பி வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது, அங்கே எதற்குப் புகை என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி மகள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்காக நம்ம வீட்டை எழுதிடாதடி. லீடர் வீட்டுலதான் கொசு வளர்ந்துச்சுன்னு தெருவே சிரிக்கும்."

இல்லாத பெயரைச் சேர்க்கச் சொன்ன அதே அம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வலைக்குள்ளிருந்து அப்பா மெல்ல, "டயரையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவாங்கம்மா" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க, வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க" என்று எத்தனையோ நோயாளிகளின் வீட்டாரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். இப்போது அது வாயில் வரவில்லை. எத்தனை பேருக்கு அதைச் சும்மா சொல்லியிருப்போம் என்று நினைத்தாள். தையல்காரரின் கை நினைவுக்கு வந்தது. புகை வண்டி மாமா தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தால், அடுத்த வாரப் பட்டியலில் அந்தக் கைக்காரர் பெயர் இருக்கும்.

மாமாவின் முகவரியை அடித்துவிட்டுத் தன் வீட்டு முகவரியை எழுதினாள். தண்ணீர் தேங்கும் இடம் தெரிந்தால் குறிக்கவும் என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு, யாரும் நிரப்பியதில்லை. அதில், "பழைய டயர்கள், வீட்டுப் பக்கத்துச் சந்து" என்று எழுதினாள்.

தலைமை டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "லீடர், இது உங்க வீடா?"

"ஆமா சார். பேசினாங்க, எழுதிட்டேன்."

அன்றைக்கு அவர் கையெழுத்து உடனே கிடைத்தது.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார், பின்னாலேயே புகை வண்டி. நம்ம பொண்ணு சொன்னா செய்வா என்று தையல்காரர் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆய்வாளர் முதல் டயரைச் சாய்த்தார். நெளிந்துகொண்டு ஒரு குளமே வெளியே வந்தது. அம்மா பயந்தபடி தெரு சிரித்தது. தையல்காரர் தன் கையையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். கிழிந்ததெல்லாம் வண்டியில் ஏறட்டும், நல்லதைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆய்வாளர். அவர்கள் வீட்டில் அவ்வளவு பெரிய கூரை எங்கே இருக்கிறது?

அப்போது தள்ளுவண்டியோடு மாமா வந்து நின்றார். அம்மா முந்தின நாளே தம்பியிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள்.

"அட்ரஸ்தான் என் வீடாச்சே. டயரும் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, மாமாவின் காதில் வைத்தாள்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அப்பா முதல் வார்த்தை பேசினார்.

"நல்லா மூடி வை மச்சான். தண்ணி நிக்கக் கூடாது."