தங்கச்சி கல்யாணம் தேர்ந்தெடுத்த பிராசசர்

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும் புது பிராசசர் பார்க்கப் போனேன். ரெண்டு கம்பெனிக்குள்தான் போட்டி. கடைக்காரர் ஒன்றை மட்டும் தலையில் தூக்கி வைத்துப் பேசினார். "கேம் போட்டா சும்மா பறக்கும்க்கா!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் என்ன விளையாடவா வந்தேன்? ரெண்டு மெஷினையும் போடுங்க, என் வேலையைக் குடுத்துப் பாக்குறேன்" என்றேன். ஏர் பூட்டிப் பார்க்காமல் மாடு வாங்காத அகரம் ஊர் விவசாயக் குடும்பம் எங்களுடையது.

கையோடு கொண்டுபோயிருந்த என் தங்கச்சியின் கல்யாண வீடியோவை இரண்டிலும் ஏற்றி, எடிட் பண்ணியதை முழுப் படமாக்கும் வேலையை ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். அவர் கண்டுகொள்ளாத, கோர், அதாவது உள்ளே வேலை பார்க்கும் கைகள், அதிகமுள்ள பிராசசர் பந்தி வரைக்கும் முடித்துவிட்டது. அவர் மெச்சியது இன்னும் முகூர்த்தத்தையே தாண்டவில்லை. முந்தியதை வாங்கினேன். "அந்த வீடியோவுல ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்கக்கா" என்றார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். எதை வாங்குவதென்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ரெண்டு மெஷினையும் ஓடவிட்டுத் திரையைக் கைகாட்டினார். ரெண்டு திரையிலும் என் தங்கச்சி தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.