ஆறாம் கம்ப்யூட்டர் சொன்ன பதில்

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விட, ஆறு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, ஒரே பெரிய கணக்கைப் பிரித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, சீட்டில் எழுதி அதனதன் மேல் ஒட்டினேன்.

ஐந்துக்கும் தகவல் ஒழுங்காகப் போனது. ஆறாவதுக்கு மட்டும் பாதியில் நின்றது. மூன்று நாள் ஒயரை மாற்றினேன், ஒயரைச் செருகும் நெட்வொர்க் கார்டை மாற்றினேன், தனியாக உட்கார்ந்து திட்டினேன். நாலாம் நாள் வெறுத்துப்போய் அதை அணைத்துவிட்டு, 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளையைச் சும்மா அந்த எண்ணுக்கு அனுப்பினேன். அணைந்து கிடந்த கம்ப்யூட்டரிடமிருந்து பதில் வந்தது!

தூக்கிவாரிப் போட்டது. லேபிலிருந்து மாடிக்கும் ஓர் ஒயர் போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏறிப் போனேன். இயற்பியல் துறையில் விரிவுரையாளர் ஒருவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். அவர் கம்ப்யூட்டரிலும் அதே எண்; ஆறாவதுக்குப் போக வேண்டியதில் பாதி இங்கே வந்துகொண்டிருந்தது.

"என்ன சார், என் நம்பரைப் போட்டிருக்கீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"எந்த நம்பர் போடணும்னு கேக்கலாம்னுதான் திங்கக்கிழம கீழ வந்தேன் சார். ரொம்ப நேரம் நின்னேன். நீங்க ஏறிட்டே பாக்கல. அங்கன கடைசியில ஒட்டியிருந்த நம்பர எழுதிக்கிட்டுப் பைய வந்துட்டேன்" என்றார்.

அவருக்கு வேறு எண் கொடுத்தேன். ஆறாவதும் ஓடியது.

அன்று காலையில்தான் சாத்தான்குளத்தில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டிருந்தேன்: 'இங்கன பேச ஒரு ஆள் கிடையாது.'