அயனி மரத்தடித் தூள்

அந்த வீட்டில் எங்களைவிடக் கட்டெறும்புகளுக்குத்தான் உரிமை அதிகம். கரமனையாற்றை ஒட்டி, பலாவும் மாவும் அயனியுமாக அடைந்து கிடந்த பெரிய தோப்பு. நடுவே மர மச்சு வைத்த பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரம்மா வெளிநாட்டில் இருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து காவலுக்கு வந்த நாங்கள், அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும், பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா மரமேறுபவர். வீட்டின்மேல் சாய்ந்த மரம் எதுவானாலும் அக்கம்பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஓணத்துக்கு வருவதாக வீட்டுக்காரம்மா போனில் சொன்னார். போன தடவை கட்டிலில் எறும்பு கடித்ததையும் மறக்காமல் சொன்னார். அன்று பிடித்தது எங்களுக்குச் சனியன். அப்பா கதவுநிலைப் பொந்துகளில் மருந்துப்பொடி தூவினார், மண்ணெண்ணெய் ஊற்றினார். காலையில் ஒரு முறம் செத்த எறும்பை அள்ளிக் கொட்டினால் சாயங்காலம் அதே அளவு வந்து நிற்கும். எங்கள் சோறுகூட மண்ணெண்ணெய் நாறியது. கடைசியில் முற்றத்தில் அண்ணாந்து நின்று அப்பா வழியைக் கண்டுபிடித்தார். அயனி மரத்தின் கிளை ஒன்று ஓட்டின்மேல் படுத்திருந்தது. எறும்புகள் அதன் வழியே வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு இந்தக் கொப்ப வெட்டிப் போட்டா வரத்து நின்னுரும்," என்றார் அம்மாவிடம்.

எனக்கு ஏழு வயது. அந்த அயனியடியில் பல நாளாகவே பொன்னிறத்தில் நைசான தூள் குவிந்துகொண்டிருந்தது. எனக்கு அது புட்டுமாவு. சிரட்டையில் அடைத்துக் கவிழ்த்தால் உதிராமல் நிற்கும். அதில் கிடந்த எறும்புக் கால்களைச் சீரகமாக வைத்துக்கொண்டேன். அப்பா இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டியபின் வருவார். என் சமையலை அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அம்மா விறகு பொறுக்கக் கிளம்பினாள். "மக்ளே, முத்தத்தத் தூத்து வச்சிரு," என்று சொல்லிப் போனாள். அவள் பெருக்கச் சொன்னது முற்றத்தை மட்டும்தான். அப்பா வீட்டில் இருக்கும் நாளாயிற்றே, கெட்டிக்காரி என்று பெயர் வாங்க வேண்டாமா? அயனியடியையும் விடவில்லை. வேர் இடுக்கில் இருந்த தூளைக்கூட ஈர்க்கிலால் நோண்டி எடுத்து ஆற்றில் கொட்டினேன்.

அப்பா கயிறும் வெட்டுகத்தியுமாக வந்தார். ஏறுவதற்கு முன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து அடியைப் பார்ப்பது அவர் வழக்கம். மரத்தைக் கும்பிடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றும் குனிந்து பார்த்தார். கத்தியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"ஒண்ணும் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தரை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். ஏறிவிட்டார்.

உயரத்தில், மரம் இரண்டாகப் பிரியும் கவையில் கயிற்றைக் கட்டி இடுப்போடு சுற்றிக்கொண்டார். நாலைந்து வெட்டு விழுந்திருக்கும். கவையே பிளந்து அப்பாவோடு கீழே வந்தது. உள்ளே மரம் என்று ஒன்றும் இல்லை. அறை அறையாகக் குடைந்த வெறும் கூடு. அதிலிருந்து எறும்புகள் கொட்டி அப்பாவை மூடின. அலறிக்கொண்டு ஓடிவந்த அம்மா, அவர் முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் அவற்றைப் பிய்த்துப் போட்டாள். கால்களில் முழங்கால்வரை கறுப்பாக அப்பியிருந்தன.

"காலுல ஒண்ணும் கடிக்கலியே," என்றார் அப்பா.

முதுகெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவர் தெளிவாகப் பேசினார்.

"கட்டெறும்பு மரத்தத் தின்னாது. கொடைஞ்சு தூள வெளிய தள்ளும். மரத்து அடிமூட்டுல ஒரு பொட்டுத் தூள் கெடந்திருந்தா நான் ஏறிருக்கவே மாட்டேன்." பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "மரத்தடிய யாரு தூத்தினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"நாந்தான்," என்றாள்.

கிள்ளியது வலித்தது. அதைவிட, என் வேலைக்கு அவள் பெயர் வாங்கிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊருக்குத் திரும்பி, மூன்று வருடம் படுக்கையில் கிடந்து கண்மூடும்வரை அவர் அம்மாவோடு பேசவேயில்லை. பீயும் மூத்திரமும் அள்ளியது அவள். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

"அப்பாவுக்கு ஒன்ன விட என்னத்தான் பிடிக்கும்," என்று நான் அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன்.

"ஆமா மக்ளே," என்பாள் அவள்.